ஏற்காட்டில் மிதிவண்டி ஓட்டலாமா? இதய நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் சில விளக்கங்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போது இதயநோய்ப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஏற்காட்டுக்குப் போகலாமா?" என்பதே அது. சென்ற ஆண்டு அக்கேள்வி சற்று வேறு வடிவில் வந்தது. மாரடைப்பு ஏற்பட்டு, இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு ஐந்து மாதங்கள் கடந்த ஒருவர், உடன் வந்த மகன் மருந்து வாங்கச் சென்ற நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டாக்டர், பேத்திக்குப் புது சைக்கிள் வாங்கியிருக்கிறோம். ஏற்காட்டில் அவளோடு நானும் கொஞ்ச தூரம் மிதிக்கலாமா? வீட்டில் மாடிப்படி ஏறவே விடமாட்டேன் என்கிறார்கள்."

மகன் திரும்பி வந்ததும் பேச்சு மாறியது. "அதெல்லாம் வேண்டாம்பா. ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்றார் அவர். தந்தை ஒன்றும் பேசவில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இதே தயக்கம் பல குடும்பங்களில் இருப்பதை அறிவதால், அன்று அவர்களுக்குச் சொன்னதையே, அந்நோயாளியின் இசைவுடன், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வு மருந்தாகும் காலமும் சுமையாகும் காலமும்

மாரடைப்பு வந்தவரைப் பல வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருப்பது ஒரு காலத்தில் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, அவருக்கு ஆலோசனை வழங்க அழைக்கப்பட்டவர் பால் டட்லி ஒயிட் என்னும் இதயநோய் மருத்துவர். அளவான உடலுழைப்பு இதயத்துக்கு நன்மையே செய்யும் என்று அவர் வலியுறுத்தினார். தாமும் மிதிவண்டி ஓட்டி, மக்களையும் ஓட்டச் சொன்னார். ஐசனோவர் பணிக்குத் திரும்பி, அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் வென்றார். பாஸ்டன் நகரில் சார்லஸ் ஆற்றங்கரையில் செல்லும் மிதிவண்டிப் பாதை இன்றும் அம்மருத்துவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

நோய் தாக்கிய முதல் நாட்களில் ஓய்வு மருந்து. உடல் தேறிய பின்னரும் அதே ஓய்வு நீடித்தால் தசைகள் மெலிகின்றன, சிறு வேலைக்கே நாடித்துடிப்பு எகிறுகிறது, மூச்சு வாங்குகிறது. அதைக் கண்டு அச்சம் கூடுகிறது. அச்சத்தால் நடமாட்டம் மேலும் குறைகிறது. இந்தச் சுழலை உடைப்பதற்கு ஏற்ற பயிற்சிகளில் ஒன்று மிதிவண்டி. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்கும் சுமை குறைவு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிதானமான மிதிவண்டிப் பயணமும் இக்கணக்கில் சேரும்.

மலைச்சாலையில் மாறும் கணக்கு

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நலமாக இருப்பவர் இதை உணர்வதில்லை. இதயத்தின் திறன் குறைந்தவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் முதல் நாள் சற்றே மூச்சு வாங்கலாம். ஆகவே சென்று சேர்ந்த நாளில் ஓய்வெடுத்து, மறுநாள் காலையில் மிதிவண்டியைத் தொடுவது நல்லது.

உயரத்தைவிடப் பெரிய சிக்கல் சரிவு. 100 மீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் உயரும் சாலை கண்ணுக்குப் பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ஆனால் சமதளத்தில் நிதானமாகச் சென்ற அதே வேகத்தில் அதில் ஏற முயன்றால், இதயமும் கால்களும் மிகக் கூடுதலாக உழைக்க வேண்டும். போதாததற்கு, ஏற்றத்தில் நாம் அறியாமலே கைப்பிடியை இறுகப் பற்றி, மூச்சையும் அடக்குகிறோம். இவை இரண்டும் இரத்த அழுத்தத்தை உயர்த்துபவை.

எனவே என் முதல் அறிவுரை இது: ஏற்றம் வந்தால் இறங்கிவிடுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். மேடு முடிந்ததும் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைத் தயங்காமல் செய்யக்கூடியவருக்கே மலையில் மிதிவண்டி ஓட்ட நான் அனுமதி தருகிறேன்.

பேச்சே அளவுகோல்

"நாடித்துடிப்பு எவ்வளவு வரை போகலாம்?" என்று சிலர் கேட்பார்கள். கையில் கட்டிய கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மாரடைப்புக்குப் பின் பலருக்கும் தரப்படும் மெட்டோபுரொலால் போன்ற மருந்துகள் நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்தி வைக்கின்றன. உடல் களைத்துப்போன பிறகும் எண் குறைவாகவே தெரியலாம்.

நம்பத்தக்க எளிய அளவுகோல் பேச்சு. மிதித்துக்கொண்டே முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பேசவே இயலவில்லையெனில் உழைப்பு எல்லை மீறிவிட்டது, இறங்கி ஓய்வெடுங்கள்.

முதல் ஐந்து பத்து நிமிடங்கள் மெதுவாக மிதித்து உடலைப் பழக்குங்கள். முடிக்கும்போதும் சட்டென நிறுத்தாமல், ஐந்து நிமிடம் மெல்ல மிதித்தோ நடந்தோ நிறைவு செய்யுங்கள். திடீரென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றல் வரக்கூடும்.

எந்தச் சாலை, எந்த நேரம்?

சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அது இதய நோயாளிகள் மிதித்து ஏறும் பாதை அன்று. வண்டியைக் காரில் ஏற்றிச் செல்லுங்கள். மேலே சென்ற பின்னும் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றி வாகனங்கள் நெருங்கும். மே மாதக் கோடை விழா நாட்களில் நெரிசல் இன்னும் கூடும். அப்பகுதியை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்து, சாலை அமைதியான பிறகு ஏறி அமருங்கள்.

காப்பித் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே சுற்றிவரும் 32 கிலோமீட்டர் வளையச் சாலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த அழகிய வழி அது. ஆனால் வளையப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. பாதி வழியில் உடல் களைத்தால், முன்னே சென்றாலும் பின்னே திரும்பினாலும் தூரம் ஒன்றுதான். அங்கிருந்து ஊருக்கு வந்து, பின்னர் மலையிறங்கிச் சேலத்தின் பெரிய மருத்துவமனையை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசையின் இழப்பு.

ஆகவே வளையத்தைக் காரில் சுற்றிப் பாருங்கள். மிதிவண்டிக்கு, சென்ற வழியே திரும்பும் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் நான்கைந்து கிலோமீட்டர் போதும். அதிலும் போகும்போது மெல்லிய ஏற்றமும் வரும்போது இறக்கமும் உள்ள திசையாக இருக்கட்டும். இறக்கத்தில் உற்சாகமாகக் கிளம்பியவர்கள், களைத்த உடலோடு ஏற்றத்தில் திரும்ப நேர்வதுதான் மலையில் அடிக்கடி நிகழும் தவறு.

காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை ஏற்ற நேரம். விடியற்காலைக் குளிர்காற்று சிலருக்கு நெஞ்சுவலியையும் ஆஸ்துமாவையும் தூண்டும். மூடுபனியில் வாகன ஓட்டிகளுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். தோட்ட ஓரங்களில் காட்டுமாடுகளும் நிற்பதுண்டு. கோடையின் பிற்பகல்களில் இடியுடன் மழை வரக்கூடும். இறக்கத்தில் வேகம் கூடும் முன்பே, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு மென்மையாகப் பிடியுங்கள்.

கிளம்பும் முன்

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரின் இசைவைப் பெற வேண்டும். பெரும்பாலும் டிரெட்மில் பரிசோதனையும் எக்கோ பரிசோதனையும் பார்த்த பின்னரே நாங்கள் முடிவு சொல்வோம். பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் மார்பெலும்பு நன்றாகக் கூடும்வரை, குறைந்தது மூன்று மாதங்கள், சாலையில் மிதிவண்டி ஓட்டலாகாது. ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், இரத்த அழுத்தம் 180/110-க்குக் குறையாதவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள், கால்வீக்கமோ மூச்சுத்திணறலோ அண்மையில் அதிகரித்தவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் ஆகியோர் இப்போது மிதிவண்டியைத் தவிர்க்க வேண்டும்.

முதல் சோதனையை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சமதளத்தில் அரை மணி நேரம் களைப்பின்றி வேகமாக நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் தெருவிலேயே சில நாட்கள் மிதித்துப் பழகுங்கள். மிதிக்கட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை எடுத்துவருவார்கள். சிறிய விழுதலிலும் அவர்களுக்குத் தலைக்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம். எனவே தலைக்கவசம் கட்டாயம். தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அம்மாத்திரைகளை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதைவிடப் பெரிது.

சர்க்கரை நோயும் உள்ளவர்கள்

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். 100-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் சிற்றுண்டி சாப்பிட்ட பிறகே கிளம்புங்கள். அன்று காலை இன்சுலினைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். உழைக்கும் காலிலிருந்து இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி தோன்றினால் உடனே இறங்கி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள். சர்க்கரைப் பொட்டலம் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். காரில் இருந்தால் பயனில்லை.

உடன் செல்பவர்களுக்கு

நோயாளிக்கு முன்னால் செல்லாதீர்கள், பின்னால் செல்லுங்கள். முன்னால் சென்றால், அவர் உங்கள் வேகத்தை எட்டிப்பிடிக்க முயல்வார். அவ்வப்போது ஏதாவது கேளுங்கள். "களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள். ஊர்க்கதை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்; மூச்சின் நிலை தானே தெரியும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் முன்பே பரிந்துரைத்திருந்தால், உட்கார்ந்த நிலையில் ஒன்றை வையுங்கள். சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரைகளைக் கடந்த இரண்டு நாட்களில் எடுத்தவர்களுக்கு மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். தோட்டப் பகுதிகளில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காத இடங்கள் இருக்கலாம் என்பதால், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

அந்தத் தந்தைக்கு டிரெட்மில் பரிசோதனை நலமாக அமைந்தது. நான்கு வாரம் தம் தெருவில் பழகிய பின்னரே ஏற்காட்டுக்குச் சென்றார். அடுத்த முறை வந்தபோது மகனே முதலில் பேசினார்: "இரண்டு மேட்டிலும் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார், டாக்டர். பாப்பாவும் இறங்கி அவர் கூடவே தள்ளினாள்." வீட்டில் இப்போது மாடிப்படி ஏற விடுகிறார்களா என்று கேட்டேன். தந்தை சிரித்தார்; மகனும் சிரித்தார்.

இந்தக் கோடையில் மலைக்குச் செல்ல எண்ணியிருப்பவர்கள், பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக மருந்துச் சீட்டுகளுடனும் பழைய பரிசோதனை அறிக்கைகளுடனும் இதயநோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள். உடன் செல்லவிருக்கும் குடும்பத்தினரையும் அழைத்து வாருங்கள். எவ்வளவு தூரம், எந்த வேகம் என்பதை எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்வோம்.