ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு: ஒரு தனித்தொகுதியின் பாதை

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று அண்ணலின் படத்துக்கு மாலை அணிவிக்கிறோம். அவர் எழுதிய அரசியல் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தச் சட்டத்தின்படி நடந்த முதல் பொதுத்தேர்தலில் அவர் தோற்றதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1952 தேர்தலில் வட பம்பாய் நாடாளுமன்றத் தொகுதியின் ஒதுக்கீட்டு இடத்துக்கு அம்பேத்கர் போட்டியிட்டார். காங்கிரஸ் நிறுத்திய காஜ்ரோல்கர் என்ற தலித் வேட்பாளர் 14 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் அவரை வென்றார். 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அண்ணலுக்குத் தோல்விதான்.

தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கிய இடத்தில் அம்பேத்கரே வெல்ல முடியவில்லை என்றால், அந்த இடத்தில் யார் வெல்ல முடியும்? வென்றவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்தக் கேள்விகளை நம் வாசலில் வைத்தே பார்க்க நினைக்கிறோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பேருந்தில் அரை மணி நேரத் தூரத்தில் இருப்பவை. ஒன்று பஞ்சாலை ஊர், மற்றது கோயில் ஊர். தனித்தொகுதி என்ற ஏற்பாடு முப்பதாண்டு காலம் முதல் ஊரில் இருந்து, பிறகு இரண்டாவது ஊருக்கு இடம் மாறியது. இதைவிட நல்ல பாடம் நமக்கு வேறு கிடைக்காது.

இரண்டு வாக்கிலிருந்து ஒரே வாக்குக்கு

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதியைத் தந்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம், பொதுத் தொகுதியிலும் வாக்களிக்கலாம். காந்தியார் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள். எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறியது. எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி வந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு சிறு பாதுகாப்பு இருந்தது. தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் முதல்கட்டத் தேர்தலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். குடியரசு ஆனபோது இதுவும் போயிற்று. 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர் மீண்டும் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டார். கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் பொதுப் பிரதிநிதி ஒருவர், தலித் பிரதிநிதி ஒருவர். வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். 1957 நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் அப்படிப்பட்ட தொகுதி. முத்துராமலிங்கத் தேவரும் காங்கிரஸின் ஆர். எஸ். ஆறுமுகமும் அங்கிருந்து சேர்ந்தே டெல்லிக்குப் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்தில் இருவர் பக்கத்தில் உட்காரலாம், ஊரில் உட்கார முடியாது என்பதுதான் அன்றைய நிலை. 1961-ல் இரட்டை உறுப்பினர் முறை ஒழிந்து, இன்றுள்ள தனித்தொகுதி முறை வந்தது.

பக்கத்து பக்கத்துத் தொகுதிகள், இரண்டு வகை வாழ்க்கை

1976 மறுவரையறைக்குப் பிறகு ராஜபாளையம் தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 1977 முதல் 2006 வரை எட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள் இப்படியே நடந்தன. இரண்டு ஊர்களின் உறுப்பினர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இரா. தாமரைக்கனி 1977, 1980, 1984, 1991, 1996 என ஐந்து முறை வென்றார். 1991-ல் அ.தி.மு.க. அலை மாநிலம் முழுவதும் அடித்தபோது, அக்கட்சியின் சின்னம் இல்லாமல் சுயேச்சையாக நின்று வென்றார். 1996-ல் அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் நான்கே இடங்களில் வென்றது, அதில் ஒன்று அவருடையது. 2001-ல் அவர் மகன் இன்பத்தமிழன் அதே ஊரில் அ.தி.மு.க. சார்பில் வென்றார். அவருடைய அரசியல் முறையைப் பற்றி நமக்கு வேறு கருத்துகள் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது இது: கட்சி கைவிட்டாலும் தொகுதி கைவிடாத உறுப்பினர் ஒருவர் பொதுத்தொகுதியில் உருவாக முடிந்தது.

ராஜபாளையத்தில் வி. பி. ராஜன் 1989-லும் 1996-லும் தி.மு.க. சார்பில் வென்றார். இரண்டு முறையும் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த தேர்தல். இடையில் 1991-ல் அலை மாறியதும் இடம் கை மாறியது, 2001-லும் அப்படியே. 2006-ல் அ.தி.மு.க.வின் சந்திரா வென்றார். 1989 முதல் 2006 வரை தனித்தொகுதி உறுப்பினர் எவரும் சின்னம் இல்லாமல் தனியே நின்று ஜெயித்ததாக அங்கே ஒரு தேர்தல்கூட இல்லை.

தலித் தலைவர்களுக்குத் திறமை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. தனித்தொகுதியில் எல்லா வேட்பாளர்களும் பட்டியல் சாதியினர். நம் வாக்குகள் அவர்களுக்குள் பிரியும். மீதமுள்ள பெரும்பான்மை வாக்குதான் வெற்றியை முடிவு செய்யும். அந்த வாக்கைத் திரட்டித் தருபவர்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், ஊர்ப் பெரிய மனிதர்கள். அவர்கள் முகம் சுளிக்கும் காரியத்தை வேட்பாளர் செய்ய முடியாது. அடுத்த முறை சீட்டும் அவர்கள் கையில்தான். 1952-ல் அம்பேத்கர் மோதித் தோற்றதும் இதே சுவரில்தான்.

இதற்கு எதிர்ச்சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் பத்தாண்டுகள் தேர்தலை நடத்தவிடவில்லை. 2006-ல்தான் அங்கெல்லாம் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் வென்ற தலைவர் முருகேசனை 1997-ல் கொன்றார்கள். சட்டமன்றத் தனித்தொகுதித் தேர்தலை இப்படி எந்த ஊரும் மறித்ததில்லை. ஏன்? ஊராட்சித் தலைவர் ஊருக்குள் நாற்காலியில் உட்காருகிறார், காசோலையில் கையெழுத்துப் போடுகிறார், தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு என்று முடிவு செய்கிறார். சட்டமன்ற உறுப்பினர் சென்னையில் கட்சிக் கொறடா சொல்லும்போது கை தூக்குகிறார். எந்த நாற்காலியில் நிஜ அதிகாரம் இருக்கிறது என்பதை ஆதிக்கச் சாதியினர் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறார்கள்.

2008: இடம் மாறிய ஒதுக்கீடு

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் உத்தரவு 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதித் தொகுதிகள் 42-லிருந்து 44 ஆயின. ராஜபாளையம் பொதுத்தொகுதி ஆனது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆனது. தனித்தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும், இயன்றவரை பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமுள்ள இடங்களில் அமைய வேண்டும் என்பது சட்டம் சொல்லும் விதி.

மாற்றம் விதிப்படி நடந்தது. அதன் விளைவைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் ஏழு தொகுதிகள், அவற்றில் தனித்தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றுதான். சிவகாசியில் 2011-லும் 2016-லும் வென்ற அமைச்சர் கே. டி. ராஜேந்திர பாலாஜி, 2021-ல் ராஜபாளையத்துக்கு மாறி நின்றார். 2016-ல் அங்கே வென்றிருந்த தி.மு.க.வின் தங்கபாண்டியன் மீண்டும் வென்றார். அமைச்சர் தோற்றார் என்றாலும் தொகுதி மாறிப் பார்க்க அவருக்கு வாசல்கள் இருந்தன. தலித் உறுப்பினருக்கு மாவட்டத்தில் ஒரே வாசல். அது பக்கத்து ஊருக்கு நகர்ந்தால், முப்பதாண்டுகள் ராஜபாளையத்தில் கட்டிய தொடர்பும் உழைப்பும் அங்கேயே நின்றுவிடும். பொதுத்தொகுதியில் நமக்கு யார் சீட்டுக் கொடுக்கிறார்கள்? தலித் எழில்மலை 2001-ல் திருச்சி நாடாளுமன்றப் பொதுத்தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்றதை இன்னும் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே பதில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 2011-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன்னுபாண்டியன், 2016-ல் அ.தி.மு.க.வின் சந்திரபிரபா, 2021-ல் அதே கட்சியின் மான்ராஜ். மூன்று தேர்தல், மூன்று முகம். 2016-ல் வென்றவருக்கு 2021-ல் சீட்டு இல்லை. ஐந்தாண்டில் கற்ற சட்டமன்றப் பாடம் அடுத்தவருக்குப் போய்ச் சேர வழியில்லை.

2021 தேர்தலை நாம் மறக்க முடியாது. காங்கிரஸ் வேட்பாளர் பி. எஸ். டபிள்யூ. மாதவராவ் பிரச்சாரத்தின்போதே கொரோனாவால் பாதிக்கப்பட்டார். ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. ஏப்ரல் 11 அன்று மதுரை மருத்துவமனையில் காலமானார். மே 2 அன்று வாக்குகளை எண்ணினார்கள். வாக்குப்பதிவுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால்தான் தேர்தலைத் தள்ளிவைக்க 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. பதிவுக்குப் பின் இறந்தால் எண்ணிக்கை நடக்கும், அவர் வென்றிருந்தால் இடைத்தேர்தல் வரும். மான்ராஜ் 12 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவருக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்திருந்தார்கள். கூட்டணியும் சின்னமும் வாக்கைக் கொண்டுவந்தன என்று இதைப் படிக்கலாம். நாமும் அப்படித்தான் படிக்கிறோம். ஆனாலும் அந்த மனிதருக்கு நம் அஞ்சலி உரியது.

நாம் என்ன கேட்க வேண்டும்

அப்படியானால் தனித்தொகுதி வீணா? இல்லை. 44 இடங்கள் இல்லாவிட்டால் அந்த 44 பேரில் எத்தனை பேரைக் கட்சிகள் நிறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். இந்த ஒதுக்கீடும் நிரந்தரமானதில்லை. பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டித்து, 104-வது திருத்தத்தால் 2030 ஜனவரி வரை வந்திருக்கிறோம். அதற்குள் நாம் செய்ய வேண்டியவை மூன்று என்று கருதுகிறோம்.

ஒன்று, இருக்கும் உறுப்பினரிடம் கணக்குக் கேட்பது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 17-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் உறுப்பினர்கள். தனித்தொகுதி உறுப்பினர் மட்டுமல்ல, ராஜபாளையம் உட்பட மாவட்டத்தின் மற்ற உறுப்பினர்களும்தான். கடந்த ஆண்டு எத்தனை கூட்டம் நடந்தது, நீங்கள் எத்தனைக்குப் போனீர்கள், எந்த வழக்கைப் பற்றிப் பேசினீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாலை போடும் கூட்டத்தில் கேட்டாலும் தவறில்லை.

இரண்டு, அடுத்த மறுவரையறை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. 234 இடங்களில் அது ஏறத்தாழ 47. அடுத்த கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிகள் மீண்டும் வெட்டி ஒட்டப்படும். 106-வது திருத்தத்தின்படி பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கும் அப்போதுதான் வரும், தனித்தொகுதிகளுக்குள்ளும் வரும். கடந்த முறை ஆணையம் வரைவை வெளியிட்டு மறுப்புகளைக் கேட்டது, பொது அமர்வுகளை நடத்தியது. கட்சிகள் தயாராகப் போயின, நாம் போகவில்லை. இம்முறை ஊர்வாரியாக மக்கள்தொகைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது நமக்குள் பேச வேண்டியது. கல்வியிலும் வேலையிலும் அருந்ததியருக்கு 2009-ல் உள்ஒதுக்கீடு வந்தது. சட்டமன்ற இடங்களில் அப்படி ஒன்றும் இல்லை. நம் இரண்டு நகரங்களிலும் விடியுமுன் தெருவைக் கூட்டும் மக்களிலிருந்து ஒரு சட்டமன்ற வேட்பாளரை நாம் முன்மொழிந்திருக்கிறோமா? கட்சிகளைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்காமல் விட்டால் அண்ணலின் பெயரை நாம் சொல்ல முடியாது.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி இந்த வட்டாரத்து ஊர். பாமாவின் 'கருக்கு' (1992) அந்த மண்ணிலிருந்து எழுந்தது. எவரும் சீட்டுக் கொடுத்து வந்த எழுத்தில்லை அது. தலித் இலக்கியம் யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் பிரதிநிதிகளை உருவாக்கிக்கொண்டது. இலக்கிய அமைப்பான நாம் அரசியலுக்குச் சொல்லக்கூடிய அனுபவம் இதுதான். பூனா ஒப்பந்தம் தந்து, குடியரசு ஆனபோது நாம் இழந்த அந்த முதல்கட்டத் தேர்தலை, சட்டம் தராவிட்டாலும், சேரிக் கூட்டங்களில் நாமே நடத்தலாம். இன்னார் எங்கள் ஆள் என்று கட்சிகள் பட்டியல் வெளியிடும் முன்பே நாம் ஊரறியச் சொல்லிவிடலாம். கட்சிகள் கேட்காமல் போகலாம். கேட்கவில்லை என்பதையாவது அடுத்த தேர்தலில் ஊர் அறிந்திருக்கும்.

ஜெய்பீம்.