மங்குஸ்தீன் தோல் கஷாயத்தை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்

மங்குஸ்தீன் பருவம் வந்தால் பத்து பாகாட்டில் பழம் மலிகிறது. கூடவே, தோலைக் காயவைத்துக் கஷாயமாக்கிக் குடித்தால் புற்றுநோய் கரையும் என்ற வாட்ஸ்அப் செய்தியும் பரவுகிறது. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டங்களில் இருந்தார்கள். பயம், வேலை, பணமுடை என்று தாமதத்துக்குப் பல காரணங்கள். ஆனால், "முதலில் இதைக் குடித்துப் பார்ப்போம்" என்று கழியும் மாதங்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆய்வுக்கூடத் தட்டும் மனித உடலும்

தோலில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. அதிலுள்ள ஆல்ஃபா மங்கோஸ்டின் என்ற பொருள், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த மார்பக, பெருங்குடல் புற்றணுக்களைக் கொல்வது உண்மை. ஆனால் உப்பை அள்ளிக் கொட்டினாலும் தட்டிலுள்ள அணு சாகும். அந்தப் பொருள் போதுமான அளவில் கட்டியைச் சென்றடைகிறதா என்பதே கேள்வி. வாய்வழி போவதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. மங்குஸ்தீன் சாறு குடித்தவர்களின் இரத்தத்தில் தென்பட்ட அளவு, தட்டில் அணுக்களைக் கொல்லத் தேவைப்படும் அளவில் மிகச் சிறு பங்குதான். குவளைகளைக் கூட்டி அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

"நித்தியகல்யாணி மருந்தாகவில்லையா?"

ஆனது. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தருகிறோம். ஆனால் இலையை அவித்துக் கொடுப்பதில்லை. தூய்மைப்படுத்தி, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்புகளைப் பாதிக்கிறதா என்று கண்காணித்தபடி ஊசிவழி ஏற்றுகிறோம். பசிபிக் யூ மரப்பட்டையிலுள்ள டாக்சால் என்ற பொருளின் வேதிக்கட்டமைப்பு 1971இல் தெரிந்தது. மருந்தாக ஒப்புதல் கிடைத்தது 1992இல். தாவரம் மருந்தாவதற்கு இத்தனை படிகள் உண்டு என்பதையே இந்த எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. பழத்தோல் இன்னும் முதல் படிகளில்தான் நிற்கிறது.

"இயற்கைதானே, என்ன கெடுதல்?"

இயற்கையானதும் கெடுதல் செய்யலாம். எடுத்துக்காட்டாக, பம்பளிமாஸ் தோலிலுள்ள சில பொருள்கள் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கக்கூடியவை. அப்போது வழக்கமான மாத்திரையே மிகையளவாகிவிடலாம். ஆகவே, "சிகிச்சையோடு சேர்த்துத்தானே குடிக்கிறேன்" என்பதும் பாதுகாப்பான பதில் அல்ல. மருத்துவரிடம் மறைத்துக் குடிப்பது அதைவிட ஆபத்து. மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய, நோய் பரவாத நிலையிலிருந்த 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 2017இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மரண ஆபத்து 2.5 மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இவர்களில் பலர் குணமாக வாய்ப்பிருந்த கட்டத்தில் இருந்தவர்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

விளம்பரத்தை நம்பாதீர்கள்

புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்துவதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இந்நாட்டில் தடைசெய்கிறது. பெட்டியில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருப்பதாலேயே அந்தப் பொருள் புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொருளல்ல.

தயவுசெய்து, முன்பே வாருங்கள்

மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம், மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் உடல் மெலிதல்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்கு வாருங்கள். ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்வார். புகைப்பதை விடுங்கள், வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்வதை நிறுத்துங்கள். 2010 முதல் பள்ளிகளில் மாணவியருக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியை உங்கள் மகள் தவறவிட வேண்டாம். மங்குஸ்தீன் பழத்தை மனம்போல் சாப்பிடுங்கள். தோலைக் குப்பையில் போடுங்கள். அம்மா, ஐயா, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்: கஷாயம் பலிக்கிறதா என்று பார்க்க ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள்.