ஒற்றனும் தலைவரும்
பாட்டே இல்லாத "அந்த நாள்"

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி.

அன்று விருதுநகர் மக்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்த ஊரில் பிறந்த காமராஜர், சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாகப் பதவி ஏற்றார்.

அதே நாளில் "அந்த நாள்" என்ற துப்பறியும் படமும் வெளிவந்தது. தயாரித்தவர் ஏ.வி.மெய்யப்பன். டைரக்டர் எஸ்.பாலசந்தர்.

படம் என்றால் பாட்டு என்று ஜனங்கள் நினைத்த காலம் அது. இந்தப் படத்திலோ ஒரு பாட்டுகூடக் கிடையாது! இத்தனைக்கும் பாலசந்தர் பெரிய வீணை வித்துவான்!

கொன்றது யார்?

1943-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது. ஊரே நடுங்கியது. அந்தச் சமயத்தில் நடப்பதாகக் கதை.

ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டு விழுகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். படம் தொடங்கியதும் கதாநாயகன் பிணம்!

சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் விசாரிக்க வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர், உடன்பிறந்தவர், நடனக்காரி என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். எது உண்மை? எது பொய்?

முடிவில் மர்மம் உடைகிறது. ராஜன், ஜப்பானுக்கு வேலை செய்த ஒற்றன்!

அவன் கெட்டிக்காரன். ஆனால் அவனுடைய திட்டத்தைச் சர்க்கார் ஏற்கவில்லை. அந்த ஆத்திரத்தில் எதிரிக்கு ரகசியங்களை அனுப்பினான். மனைவி உஷாவுக்கு (பண்டரிபாய்) இது தெரிந்தது. கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. அவள் கையில் இருந்த துப்பாக்கி வெடித்தது.

முதலில் படம் சரியாக ஓடவில்லை. பிறகு மத்திய சர்க்காரின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மறுபடியும் திரையிட்டபோது ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

நிஜத்தில் ஒளிந்தவர்

ராஜன் கற்பனை மனிதன். நிஜ வாழ்க்கையில் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவியவர் காமராஜர்.

1942-ம் ஆண்டு ஆகஸ்டில் பம்பாயில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. தலைவர்கள் கைதானார்கள். காமராஜரையும் பிடிக்கப் போலீசார் காத்திருந்தார்கள். அவரோ, சென்னை வருவதற்கு முன்பே ரெயிலை விட்டு இறங்கிவிட்டார்! ஊர் ஊராக ரகசியமாகச் சென்றார். செய்ய வேண்டியதைத் தொண்டர்களிடம் சொன்னார்.

பிறகு விருதுநகர் வந்தார். தாய் சிவகாமி அம்மையார் இருந்த ஊர். "இனி என்னைக் கைது செய்யலாம்" என்று தாமே போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்!

சென்னையில் குண்டு விழுந்தபோது அவர் ஜெயிலில் இருந்தார். 1945-ல்தான் விடுதலை.

ராஜனும் ஒளிந்தான். காமராஜரும் ஒளிந்தார். ராஜன் கட்டிய மனைவியிடமே மறைத்தான். அவள் கையாலேயே மாண்டான். காமராஜரை ஊர் ஊராக ஜனங்களே மறைத்து வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஜனங்களுக்கே அவர் முதல்-மந்திரி ஆனார்.