கிராமப்புறச் சிறு இல்லங்களில் உதவியுடன் வாழ்தல்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

முதுமையில் உடல் தளர்வது இயற்கை. ஆனால், தளர்ந்தவர் எங்கே வாழ்வார், அவரது நாளாந்த வாழ்வை எவர் தீர்மானிப்பார் என்பன சமூக அமைப்பைச் சார்ந்த வினாக்களாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1980களிலிருந்து வளர்ந்துவந்துள்ள ‘அசிஸ்ரட் லிவிங்’ எனும் முறை இவ்வினாக்களுக்கு விடைகாண எழுந்த ஒரு முயற்சியாகும். உதவியுடன் வாழ்தல் என இதனைத் தமிழிற் கூறலாம். 2020 இல் அந்நாட்டில் இவ்வகை இல்லங்களும் இவற்றையொத்த வதிவிடங்களும் ஏறத்தாழ 30,000 இருந்தன. அவற்றில் எட்டு இலட்சம் பேரளவில் வாழ்ந்தனர். அவற்றுட் கிராமப்புறச் சிறு இல்லங்களின் வாழ்வையும் பணிகளையும் விளக்கி, அவற்றின் எல்லைகளை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆதரவற்ற முதியோர் பலருக்கு எஞ்சியிருந்த புகலிடம் உள்ளூர் நிருவாகங்கள் நடத்திய வறியோர் இல்லமே. 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு உதவிப்பணம் வழங்க வழிவகுத்தபோது, அரச இல்லங்களில் வசிப்போருக்கு அதனை மறுத்தது. இதனால் தனியார் விடுதிகள் பெருகின. வைத்தியசாலைக் கட்டடங்களுக்கான சமஷ்டி அரசின் நிதி 1954 இல் தாதிமை இல்லங்களுக்கும் விரிவாக்கப்பட்டமையால், அவையும் வைத்தியசாலைகளின் சாயலிலேயே அமைந்தன. 1965 இல் வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டம் தாதிமை இல்லச் செலவை ஏற்றுக்கொண்டது. சொந்த வீட்டிலிருந்தே உதவிபெற விரும்பியோருக்கு அத்தகைய உத்தரவாதம் கிடைக்கவில்லை. முதியோர் எங்கு வாழ்ந்தனர் என்பதை அவர்தம் விருப்பத்தைவிட நிதி வழங்கப்பட்ட முறையே பெரிதும் நிர்ணயித்தது எனலாம்.

இந்நிலைக்கெதிராக எழுந்த முயற்சிகளுள் கெறன் பிறவுண் வில்சனின் பணி முதன்மையானது. மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த அவரது தாயார் ஐம்பத்தைந்தாவது வயதிற் பாரிசவாதத்தினாற் பாதிக்கப்பட்டு, தாதிமை இல்லங்களிலே காலங்கழிக்க நேர்ந்தது. அத்தாய் விரும்பியவை எளியவை: சிறு சமையலறையும் குளியலறையும் கொண்ட ஓர் இடம், தன் பூனை, தனது பொருட்கள், தானே பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. 1983 இல் ஒறிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் வில்சனும் அவரது கணவரும் 112 தனிக்குடியிருப்புகளுடன் தொடங்கிய இல்லம் இவ்விருப்பத்தின் வடிவமாகும். அங்கு கதவின் திறப்பு வசிப்பவர் கையிலேயே இருந்தது. இம்முறை முதியோருக்கு ஆபத்தானது என்ற அச்சம் எழுந்தமையால் மாநில அரசு அவர்களது நிலையைக் கண்காணித்தது. 1988 இல் வெளியான முடிவுகள் அவ்வச்சத்தை உறுதிப்படுத்தவில்லை: உடல்நலம் பேணப்பட்டிருந்தது, மனநிறைவு கூடியிருந்தது, அரச உதவி பெற்றோருக்கான செலவு தாதிமை இல்லச் செலவிலும் ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது.

நாளாந்த வாழ்வும் பணிகளும்

நகரத்தில் உருவான இக்கருத்து கிராமப்புறத்திற் சிறிய உருவம் கொள்கின்றது. ஒறிகன் மாநிலத்தில் ஐவருக்கு மேற்படாத முதியோரைத் தமது வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் அனுமதி பெற்றோரும் உளர். இத்தகைய வீட்டில் உணவு சமைப்பவர், உடை துவைப்பவர், இரவில் அழைப்புக்கு எழுபவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒருவரேயாவர்.

குளித்தல், உடுத்தல், மலசலகூடம் செல்லல், கட்டிலிலிருந்து எழுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணல் ஆகிய ஆறு செயல்களை அளவுகோலாகக் கொண்டு ஒருவருக்கு வேண்டிய உதவியைக் கணிக்கும் முறையைச் சிட்னி கற்ஸ் என்பாரும் அவரது குழுவினரும் 1963 இல் வெளியிட்டனர். இன்றும் இல்லங்களின் பராமரிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் இவ்வடிப்படையிலேயே வகுக்கப்படுகின்றன. இவற்றோடு மூன்று வேளை உணவு, மருந்துகளைப் பூட்டிவைத்து உரிய வேளையிற் கொடுத்துப் பதிவுசெய்தல், வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் ஆகியனவும் இல்லத்தின் பணிகளாகும்.

கிராமப்புறத்தில் இறுதியிற் கூறியதே கடினமானது. 2010 இன் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற வைத்தியசாலைகள் மூடப்பட்டன அல்லது நோயாளரைத் தங்கவைத்துச் சிகிச்சையளிப்பதை நிறுத்தின. ஒறிகனில், பதிவுபெற்ற தாதி ஒருவர் இன்சுலின் ஊசி ஏற்றுவது போன்ற குறித்த பணிகளைப் பராமரிப்பாளருக்குக் கற்பித்து அவரிடம் ஒப்படைக்கச் சட்டம் இடமளிக்கின்றது. தாதியர் அருகிய பகுதியில் ஒரு முதியவர் தமக்குப் பழகிய ஊரிலேயே தொடர்ந்து வாழ்வதற்கு இவ்வேற்பாடு துணைசெய்கின்றது.

எனினும், பணிகளின் பட்டியல் மட்டும் இம்முறையின் சாரமாகாது. நீரிழிவு நோயாளர் ஒருவர் இனிப்புண்ண விரும்பினால் என் செய்வது? தாதிமை இல்லம் பெரும்பாலும் தடுத்துவிடும். இம்முறையின் கோட்பாட்டின்படியோ, தீங்கு விளக்கப்படும். முதியவரின் முடிவு எழுத்திற் பதியப்படும். அதன்பின் அம்முடிவு மதிக்கப்படும். உதவி தேவைப்படுபவர் தீர்மானிக்கும் உரிமையை இழந்தவரல்லர் என்பதே இதன் பொருள்.

பொருளாதார எல்லைகள்

இவ்வுரிமை எவருக்குக் கிடைக்கின்றது என்பதே அடுத்த வினா. முதியோருக்கான மெடிக்கெயார் காப்புறுதி இவ்வில்லங்களில் வாழும் செலவை ஏற்பதில்லை. மெடிக்கெயிட் பராமரிப்புப் பணிக்குக் கொடுக்கலாமேயன்றி, அறைக்கும் உணவுக்கும் கொடுப்பதில்லை. 1981 ஆம் ஆண்டுச் சட்டம் தாதிமை இல்லத்துக்கு வெளியேயும் இந்நிதியைப் பயன்படுத்த மாநிலங்களுக்கு இடமளித்தது. ஆயின் அதனைக் கட்டாயமாக்கவில்லை. பல மாநிலங்களில் இதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. சேமிப்பு முடிந்த ஒருவர், அவரது இல்லம் மெடிக்கெயிட் கொடுப்பனவை ஏற்காவிடின், வெளியேற நேரிடும். தாதிமை இல்லவாசிகளுக்கு 1987 ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டம் இவ்விடயத்தில் வழங்கிய பாதுகாப்பு இங்கில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன.

மறுபுறம், ஐவர் வாழும் வீட்டில் ஒரு கட்டில் வெறுமையாயின் வருமானத்தில் ஐந்திலொரு பங்கு அற்றுப்போகின்றது. இச்சுமை ஈற்றில் பராமரிப்பாளர்மீதே விழுகின்றது. இவர்களுட் பெரும்பாலோர் குறைந்த கூலி பெறும் பெண்கள். குடிபெயர்ந்து வந்தோரும் கணிசமானோர். குடும்பத்திற் கூலியின்றிப் பெண்கள் செய்துவந்த வேலை, சந்தைக்கு வந்த பின்னரும் மலிவாகவே மதிக்கப்படுகின்றது. ‘வீடு போன்ற சூழல்’ என்ற சொற்றொடர் இவ்வுழைப்பை மறைத்துவிடலாகாது.

எனவே, சிறுமை ஒன்றே ஓர் இல்லத்தைச் சிறப்புடையதாக்கிவிடாது. ஐவர் வாழும் வீட்டில் ஒவ்வொருவரது பழக்கமும் பெயரும் அறியப்படுகின்றன. ஆனால், அங்கு நிகழும் புறக்கணிப்பைக் காணும் கண்களும் சிலவே. பணம் தீர்ந்தபோதும் அதே அறையில் தொடர்ந்து வாழும் சட்ட உரிமை முதியவருக்கும், தமது முதுமைக்குச் சிறிது சேமிக்கப் போதிய ஊதியம் பராமரிப்பாளருக்கும் உறுதிசெய்யப்பட வேண்டும். அவ்விரண்டும் இல்லாதவிடத்து, முதியவர் கையிலுள்ள திறப்பு அவரது சேமிப்பு உள்ளவரைக்குமே அக்கதவைத் திறக்கும்.