மரபுவழிச் சட்டைப்பைக் கத்தியும் நவீன மடக்குக்கத்தியும்: இரண்டையும் ஒருசேர வைத்திருக்கும் வழக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சட்டைப்பையில் அடங்கும் மடக்குக்கத்தி மேலைநாடுகளிலும் சப்பானிலும் நெடுங்காலமாக அன்றாடப் பயன்கருவியாக இருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாழமைப்பும் ஒருகைத் திறப்பும் கொண்ட நவீன கத்திகள் பெருகின. எனினும், தாழில்லாத மரபுவழிக் கத்திகள் வழக்கொழியவில்லை. இருவகையையும் உடன் வைத்திருப்போர் உளர். இவ்வழக்கத்திற்கான காரணங்களைப் பொறியமைப்பு, அலகின் வடிவம், சட்டம், சமூக ஏற்பு, பேணல் ஆகிய நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சட்டைப்பைக் கத்தி, மடக்குக்கத்தி, முதுகுவில், தாழமைப்பு, பொருள்சார் பண்பாடு.

முன்னுரை

இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்குப் பயன்பட்ட சிறு கத்தி ஆங்கிலத்தில் பேனாவின் பெயராலேயே வழங்கியது. அச்சொல்லின் வழிவந்ததே தமிழிலுள்ள 'பேனாக்கத்தி'. ஓலையில் எழுதிய தமிழரிடமும் இதையொத்த ஒரு கருவி இருந்தது. பிடியிலுள்ள பள்ளத்தினுள் மடங்கும் மடக்கெழுத்தாணியைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். கூரிய முனையைப் பிடிக்குள் ஒடுக்கி, உடலுக்கு ஊறின்றி உடன்கொண்டு செல்லுதல் என்னும் தேவையே இவையனைத்திற்கும் பொதுவான அடிப்படையாகும். அத்தேவையை இருவேறு காலங்கள் இருவேறு வகையில் நிறைவு செய்துள்ளன. பின்னது வந்தபின்னும் முன்னது நிலைத்திருப்பது ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மரபுவழிக் கத்தியின் அமைப்பு

மரபுவழிக் கத்திகளுள் பெரும்பான்மையானவை முதுகுவில் அமைப்புடையவை. பிடியின் முதுகில் பொருத்தப்பட்ட எஃகு வில் அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். அவ்வழுத்தமே அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்துகிறது. அலகைப் பூட்டும் தாழ் இதில் இல்லை. அலகின் மேற்பகுதியிலுள்ள சிறு பள்ளத்தில் நகத்தை ஊன்றி, இரு கைகளாலும் திறத்தல் வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர் 1891இல் அந்நாட்டுப் படைக்குக் கத்திகளை வழங்கினார். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியே இன்றைய பல்பயன் கத்திகளின் முன்னோடியாகும். சப்பானின் மிக்கி நகரில் மெய்சி காலத்தில் உருவான இகோநோகாமி இன்னும் எளிமையானது. அதில் வில்லும் இல்லை. உராய்வும், அலகின் அடியில் நீண்டிருக்கும் சிறு நெம்பின்மீது பதியும் பெருவிரலுமே அலகை நிலைநிறுத்துகின்றன.

நவீன மடக்குக்கத்தியின் தோற்றம்

தாழில்லாத கத்தியின் குறை வெளிப்படையானது. முனையால் குத்தும்போதோ, அலகின் முதுகில் அழுத்தம் விழும்போதோ அது விரல்மேல் மடங்கக்கூடும். இக்குறையை நீக்கும் முயற்சிகள் முன்பே இருந்தன. பிரான்சின் சவாய் பகுதியில் 1890இல் தோன்றிய ஓப்பினெல் கத்திக்கு 1955இல் சுழலும் உலோக வளையத் தாழ் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் 1964இல் வெளிவந்த பக் 110 முதுகுத் தாழமைப்பைப் பரவலாக்கியது. 1981இல் இசுபைடெர்க்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையும் பிடியில் சட்டைப்பைக் கிளிப்பும் கொண்ட கத்தியை அளித்தது. இதனால் ஒரு கை வேறு வேலையில் இருக்கும்போதும் மறு கையால் கத்தியை எடுத்துத் திறக்க முடிந்தது. ஏணியில் நிற்பவருக்கும் கயிற்றைப் பற்றியிருப்பவருக்கும் இது பெரும் நன்மையாகும். தூள் உலோகவியல் முறையில் உருவான எஃகுகள் அலகின் கூர்மையை நெடுநாள் தக்கவைக்கவும் உதவின.

அலகின் வடிவும் பயனும்

நவீன கத்தி கடும்பணியை எதிர்நோக்கி வடிவமைக்கப்படுவதால் அதன் அலகு பெரும்பாலும் தடித்திருக்கும். தடித்த அலகு ஆப்பிளை அறுக்கும்போது ஆப்புப் போலச் செயற்பட்டுப் பழத்தைப் பிளக்கிறது; மெல்லிய துண்டாக அரிவதில்லை. மரபுவழிக் கத்தியின் மெல்லிய அலகோ வழுக்கிச் செல்கிறது. ஆதலின், அட்டைப்பெட்டி, நெகிழிப் பட்டை, தடித்த கயிறு ஆகியவற்றுக்கு நவீன கத்தியும், பழம், பாலாடைக்கட்டி, பென்சில் ஆகியவற்றுக்கு மரபுவழிக் கத்தியும் ஏற்றவையாகின்றன. பசையும் தூசியும் படியும் வேலைக்கு ஓர் அலகு, உணவுக்கு மற்றோர் அலகு என்னும் தூய்மை சார்ந்த பகுப்பும் இதில் அடங்கும்.

மரபுவழிக் கத்தியின் பல அலகுகளுக்கும் தொழில்சார் காரணம் உண்டு. அமெரிக்கக் கால்நடை வளர்ப்போரிடையே பரவிய மூவலகுக் கத்தியில் கூர்முனை அலகு பொதுவேலைக்கும், நேர்விளிம்பு அலகு ஒரே சீராக வெட்டுவதற்கும், மழுங்கிய முனையுடைய அலகு கால்நடைகளுக்கு விதையடிப்பதற்கும் அமைந்தன. ஓர் அலகு மழுங்கினால் மற்றொன்று கைகொடுக்கும்.

சட்டமும் சமூக ஏற்பும்

இவ்வழக்கத்தில் பயன்பாட்டினும் ஆழமான ஒரு காரணம் உண்டு. கத்தி கருவியா, ஆயுதமா என்னும் வினாவிற்கு அதன் வடிவமே பெரும்பாலும் விடையளிக்கிறது. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் பொதுவிடத்தில் கூரிய பொருள் வைத்திருத்தலைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை மிகாத மடக்கும் சட்டைப்பைக் கத்திக்கு விலக்களிக்கிறது. திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தி இவ்விலக்கிற்குள் வாராது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, பயன்படுத்துவோரின் விரலைக் காக்கும் தாழே அங்குத் தக்க காரணமின்றி அக்கத்தியை வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்கவும் கூடும். தாழின்மை என்னும் குறை சட்டத்தின்முன் நிறையாகிறது.

சட்டத்திற்கு அப்பாலும் இது பொருந்தும். ஒரு கையால் ஓசையுடன் விரைந்து திறக்கும் கரிய அலகு அருகிலிருப்போரை அஞ்சச் செய்யலாம். நகத்தால் மெல்லத் திறக்கப்படும், மரப்பிடி கொண்ட சிறு கத்தி அவ்வச்சத்தை எழுப்புவது அரிது. அதன் மெதுவான இயக்கமே பிறருக்கு ஓர் உறுதிமொழி போல அமைகிறது.

எனினும், மரபு மட்டுமே ஒரு கருவியைக் காத்துவிடாது என்பதைச் சப்பானிய வரலாறு காட்டுகிறது. இகோநோகாமி ஒருகாலத்தில் பள்ளிச் சிறார் பென்சில் சீவும் கத்தியாக இருந்தது. 1960ஆம் ஆண்டு அக்தோபரில் சப்பானியச் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெசிரோ மேடையிலேயே 17 வயது இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பயன்பட்டது குறுவாளேயன்றி மடக்குக்கத்தி அன்று. ஆயினும், அதன்பின் சிறாரிடமிருந்து கத்திகளை அகற்றும் இயக்கம் வலுத்தது. பென்சில் சீவும் பொறிகளும் பரவ, மிக்கியின் கத்தித் தொழில் நலிந்தது. ஒரு வாளின் குற்றம் சிறு கத்தியின்மேல் ஏறியது. அதனோடு ஒரு தலைமுறையின் கைப்பழக்கமும் பட்டறைகளின் வாழ்வும் தளர்ந்தன.

பேணலும் தேய்வும்

மரபுவழிக் கத்திகளுள் பல கரிம எஃகால் ஆனவை. இவ்வெஃகு பழச்சாறு பட்டால் கருமையும் நீலமும் கலந்த படலம் கொள்ளும். துடைத்து எண்ணெயிடாவிடில் துருப்பிடிக்கும். அதே எஃகு சாதாரணச் சாணைக்கல்லில் எளிதில் கூர்பெறும். கடினமான நவீன எஃகுகளைத் தீட்ட வைரத்தூள் பதித்த தகடு தேவைப்படுவதுண்டு. நவீன கத்தி கவனத்தை அரிதாகவே வேண்டுகிறது. மரபுவழிக் கத்தி நாள்தோறும் வேண்டுகிறது. ஆனால், அந்தக் கவனமே உரிமையாளரின் தடத்தைக் கருவியில் பதிக்கிறது. பலமுறை தீட்டியதால் குறுகிய அலகும், கைபட்டு மெருகேறிய கொம்புப் பிடியும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும்போது, பயன்பாட்டின் வரலாறும் உடன்வருகிறது.

முடிவுரை

மரபுவழிக் கத்தியை நவீன கத்தியுடன் சேர்த்து வைத்திருப்பதைப் பழமையின்மேல் கொண்ட பற்று என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. வலிமை, விரைவு, விரற்காப்பு ஆகியவற்றை நவீன கத்தி அளிக்கிறது. நுண்மையான வெட்டு, எளிய பேணல்முறை, பிறர் அஞ்சாத் தோற்றம் ஆகியவற்றை மரபுவழிக் கத்தி அளிக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் இரண்டும் இணைந்து நிற்கின்றன. பொதுவிடத்தில் அமைதியாகப் பழம் அரியும் சிறு கத்தி, கத்தி என்பது முதற்கண் கருவியே என்பதை நினைவூட்டுகிறது. அந்நினைவு மங்கிய சமூகத்தில் மரபுவழிக் கத்தி, நவீன கத்தி என்னும் வேறுபாட்டிற்கே இடமிராது என்பதை மிக்கி நகரின் வரலாறு உணர்த்துகிறது.