மௌனமாக இருக்கச் சொன்னார்கள்: சிபில் ஸ்ரொக்டேல் என்ற மனைவி, தாய், பாட்டி

2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கொரொனாடோ என்ற கடற்கரைப் பட்டினத்தில், 90 வயது மூதாட்டி ஒருவர் காலமானார். நான்கு ஆண் பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டு, கணவருக்குப் பின் பத்து வருடங்கள் தனித்திருந்து, பார்க்கின்சன் நோயுடன் போராடி மறைந்தவர். சிபில் ஸ்ரொக்டேல் என்ற இந்தப் பெண்ணின் பெயர் எமது பகுதிகளில் அதிகம் அறியப்பட்டதல்ல. ஆயினும் அவரது கதையை எமது பெண்கள் குழுக் கூட்டமொன்றில் நான் சொன்ன போது, வழமையாகப் பாதியில் எழுந்து ஆட்டுக்குக் குழை வெட்டப் போகிறவர்கள் கூட அன்று எழும்பவில்லை.

சிபில் 1924இல் கனெக்ரிகட் மாநிலத்தில் பிறந்தவர். பால்பண்ணை ஒன்றில் வளர்ந்து, பட்டம் பெற்று, ஆசிரியையாகவும் இருந்தவர். 1947இல் ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் என்ற கடற்படை அதிகாரியைத் திருமணம் செய்தார். படையினரின் மனைவிமாருக்கு வீடு என்பது அடிக்கடி கட்டி அவிழ்க்கும் மூட்டைதான். அவரும் அப்படியே ஊர் ஊராக மாறிப் பிள்ளைகளை வளர்த்தார். இந்தப் பகுதியை விரைவாகக் கடந்து விடுகிறேன். எங்கள் கூட்டத்திலும் இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

1965 செப்ரெம்பர் 9ஆம் திகதி வட வியட்நாமுக்கு மேலே அவரது கணவர் செலுத்திய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அப்போது மூத்த மகனுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு 3 வயது. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பது கூடத் தெரியாமல் மாதங்கள் கழிந்தன. அடுத்த வருடம் ஏப்ரலில்தான் அவருடைய கையெழுத்தில் முதற் கடிதங்கள் வந்தன.

இந்த இடத்தில் குழுவிலுள்ள ஓர் அம்மா கேட்டார்: "அவவுக்கு மாதச் சம்பளம் வந்ததோ, மிஸ்?"

வந்தது. சிறைப்பட்ட அதிகாரிகளின் சம்பளம் தொடர்ந்து வழங்கப்பட்டது. "அப்ப பரவாயில்லை" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதில் பொறாமை எதுவும் இல்லை. கணவர் காணாமற் போன மறுநாளே அடுப்பெரிக்க வழி தேடிய ஒருவர் போடும் கணக்கு அது. சிபிலின் கஷ்டத்தையும் எங்கள் பெண்களின் கஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவருக்கு விதிக்கப்பட்ட இன்னொன்றை எங்கள் பெண்கள் உடனே புரிந்து கொண்டார்கள். அதுதான் மௌனம். கைதிகளைப் பற்றி வெளியில் பேச வேண்டாம், பேசினால் அவர்களுக்கே கேடு, திரைமறைவில் இராஜதந்திர முயற்சி நடக்கிறது என்று அரசாங்கம் மனைவிமாருக்கு அறிவுறுத்தியது. சிபில் நெடுநாள் அதற்குக் கட்டுப்பட்டார். வாஷிங்டனுக்குப் போய் உயர் அதிகாரிகளைச் சந்தித்தார். எல்லாரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். பயனுள்ள பதில் மட்டும் கிடைக்கவில்லை.

இதே காலத்தில் அவர் இன்னொரு பாரத்தையும் இரகசியமாகச் சுமந்தார். கடற்படைப் புலனாய்வுப் பிரிவு அவரை அணுகி, கணவருக்கு எழுதும் கடிதங்களில் மறைமுகச் செய்தி அனுப்பச் சம்மதமா என்று கேட்டது. பிடிபட்டால் கணவரை உளவாளி என்று சொல்லி எதுவும் செய்யலாம். சம்மதிக்காவிட்டால் உள்ளே நடப்பதை அறிய வேறு வழியில்லை. நன்றாக யோசித்த பிறகு சம்மதித்தார். ஒளித்து வைத்த செய்தியுடன் ஒரு புகைப்படம் போனது. பின்னர் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பதிக்கும் கார்பன் தாளும் போனது. கணவர் அதைக் கண்டுபிடித்து, தன்னுடன் இருந்த கைதிகளின் பெயர்களையும் அங்கு நடந்த சித்திரவதையையும் எழுதி அனுப்பினார். அந்த விபரங்களைத் தெரிந்துகொண்டே, மற்ற மனைவிமாருக்கு முன்னால் எதுவும் தெரியாதவர் போல அவர் இருக்க வேண்டியிருந்தது. அவரது வாழ்க்கையில் எனக்கு மிகக் கடினமாகத் தெரிகிற பகுதி இதுதான்.

அந்த மனைவிமார்தான் அவருக்குத் துணையுமானார்கள். கொரொனாடோவிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த கைதிகளின் மனைவிமாரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து, யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை, எந்த அதிகாரி என்ன சொன்னார் என்று பகிர்ந்து கொண்டார்கள். எங்கள் குழுக்கள் மரநிழலில் தொடங்கியது போலத்தான் அதுவும் தொடங்கியது. 1968 ஒக்டோபரில் சிபில் மௌனத்தைக் கலைத்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் அவரது கதை வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதம் பாதுகாப்புச் செயலாளர் மெல்வின் லெயார்ட், கைதிகள் நடத்தப்படும் விதத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். மௌனக் கொள்கை அத்தோடு முடிந்தது. 1969 ஒக்டோபரில் சிபிலும் வேறு சிலரும் பாரிஸ் சென்று வட வியட்நாமியப் பிரதிநிதிகளை நேரில் சந்தித்தார்கள். டிசெம்பரில் ஜனாதிபதி நிக்சனையும் சந்தித்தார்கள். 1970 மே மாதம் அந்தச் சாப்பாட்டு மேசைக் குழு, கைதிகளினதும் காணாமற் போனோரினதும் குடும்பங்களின் தேசிய அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது.

1969இன் இறுதியிலிருந்து சிறைகளில் கொடுமை குறைந்தது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் ஹோ சி மின் மறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பர். பெண்கள் எழுப்பிய குரலுக்கும் அதில் பங்குண்டு.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கேட்டாள்: "அவவின்ர மனுசன் குண்டு போடப் போனவர்தானே?"

ஆம். விமானத்திலிருந்து விழுந்த குண்டுகளுக்குக் கீழே எத்தனையோ வியட்நாமியத் தாய்மார் இருந்தார்கள். பதுங்குகுழிக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தவள் கேட்கும் நியாயமான கேள்வி அது. அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை. வியட்நாம் தரப்பிலும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் எலும்பைத் தேடுகின்றன என்று மட்டும் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

1973 பெப்ரவரி 12ஆம் திகதி ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் விடுவிக்கப்பட்டார். ஏழரை வருடச் சிறை, அதில் நான்கு வருடம் தனிமையில். காலை நொண்டியபடி, தலை நரைத்து வந்த தகப்பனைக் கடைக்குட்டி 10 வயதில் சந்தித்தான். 1984இல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். ஓர் அத்தியாயம் அவருடையது, அடுத்தது இவருடையது. சிறையில் இருந்தவனின் கதைக்குச் சமமாக வீட்டில் இருந்தவளின் கதையும் அச்சேறியது எனக்குப் பிடித்த விடயம். 1992இல் கணவர் உப ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். பின்னர் மறதி நோய்க்கு ஆளாகி 2005 யூலையில் இறந்தார். சிபில் தொடர்ந்து கொரொனாடோவிலேயே வாழ்ந்தார். இருவரும் இப்போது அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி மயானத்தில் அருகருகே இருக்கிறார்கள்.

கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடினேன். முதலில் சம்பளம் பற்றிக் கேட்ட அம்மா மூடவிடவில்லை. "அவவின்ர மனுசன் வந்திட்டார். வராத ஆக்களின்ர பெண்சாதிமார் என்ன செய்தவை?"

1973இல் 591 பேர் திரும்பி வந்தார்கள். கணக்குத் தெரியாதவர்கள் 2,600 பேருக்கு மேல். அவர்களது குடும்பங்கள் அமைப்பைக் கலைக்கவில்லை. காணாமற் போன ஒருவரின் மனைவி கேட்டுப் பெற்ற கறுப்பு வெள்ளைக் கொடி இன்றும் அமெரிக்க அரச கட்டடங்களில் பறக்கிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து இரு நாட்டவரும் சேர்ந்து காடுகளிலும் வயல்களிலும் அகழ்ந்து தேடுகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. 1,500 பேருக்கு மேல் இன்னும் இல்லை. அவர்களின் மனைவிமார் பலர் இப்போது பாட்டிமார். சிலர் பதிலறியாமலே போய்விட்டார்கள். அந்தக் கோவைகளைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கையில் எடுத்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டுக் கொண்டிருந்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் அமர்ந்த முதல் நாட்களிலேயே போனவர் அவர். எங்கே போனாலும் ஒரு கடைப்பை கூடவே போகும். அதற்குள் மகனின் படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகள்.

கூட்டம் முடிந்ததும் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். கூட வந்திருந்த பேத்தியைக் கூப்பிட்டார். அவள் சாதாரண தரம் படிக்கிறாள்.

"பிள்ளை, கொப்பியும் பேனையும் எடு. எந்தத் திகதி, எங்க குடுத்தது எண்டு நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார்.