பழஞ்சுவரும் பீங்கான் கிண்ணமும்

ஊவா மலைநாட்டிலே, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்தில் அமைந்த எல்ல என்னும் ஊருக்கு இப்பொழுது பல தேசத்து விருந்தினர் வருகின்றனர். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வருவோருக்குத் தங்குமிடம் வேண்டும். ஆதலின் அப்பகுதியின் பழைய பங்களாக்கள் சில விடுதிகளாக மாறியுள்ளன. மாற்றம் முதலில் தொடங்கும் இடம் குளியலறை. சுவரிலே பதித்த பீங்கான் சவர்க்காரக் கிண்ணம் விளிம்புடைந்து நிற்கும்; அதனை அகற்றிவிட உரிமையாளர் விரும்புவார். பார்வைக்கு அரைமணி நேர வேலைதான். ஆயினும் பொறுமையற்ற கை உளியை ஓங்கினால், ஒரு கிண்ணத்தோடு சுற்றியுள்ள ஓடுகளும் போய்விடும்.

இதற்குக் காரணம் ஓட்டின் இயல்பிலேயே உள்ளது. பீங்கான் ஓடு அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பையும் வளைவையும் தாங்காது. பழஞ்சுவரில் அதன் பின்னே இருப்பதோ தடித்த சீமெந்துச் சாந்து. சுண்ணாம்புச் சாந்து சற்றே இளகிக் கொடுக்கும். சீமெந்து கொடுக்காது. கிண்ணத்தின் அடியில் கம்பியை நுழைத்து நெம்பும்போது, நெம்புகோல் ஊன்றும் இடம் பக்கத்து ஓடாகிவிடுகின்றது. வெடிப்பு அங்கே பிறந்து அடுத்த ஓட்டிற்கும் ஓடுகின்றது.

ஆகவே, கிண்ணத்தைக் காப்பாற்ற நினைப்பவர் சுவரை இழப்பார். அனுபவமுள்ள மேசன் கிண்ணத்தைப் பலியிடுகின்றார். முதலில் அதனைச் சுற்றியுள்ள இணைப்புப் பூச்சை மெல்லிய வாளலகால் அறுத்து, கிண்ணத்திற்கும் ஓட்டிற்குமுள்ள தொடர்பைத் துண்டிக்கின்றார். சூழவுள்ள ஓடுகளின்மேல் ஒட்டுநாடாவும், தரையில் பழஞ்சாக்கும் இடுகின்றார். பின்பு கிண்ணத்தின் நடுவிலே சிறு சுத்தியலால் தட்டி உடைத்து, துண்டு துண்டாக எடுக்கின்றார். எஞ்சிய சாந்தைக் கொத்தும்போதும் உளியின் முனை குழியின் நடுவையே நோக்கும், ஓரத்தை நோக்காது. பீங்கான் சில்லு கண்ணாடியைப்போல் கூரியது. கண்காப்பு இல்லாமல் இவ்வேலையில் இறங்குதல் மடமை. சாந்தின் நுண்தூசியும் நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலின், நீர் தெளித்துக் கொத்துதல் நன்று.

நீர் தெளிக்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. உயிர் தொடர்பானது அதுவே. எல்லவின் குளிருக்காகப் பல விடுதிகளில் மின்சார வெந்நீர்க் கருவிகள் பிற்காலத்தில் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் கம்பி எவ்வழியாகச் செல்கின்றது என்பது ஓட்டைப் பார்த்துத் தெரியாது. குழாய்கள் பொதுவாக நேர்மேலாகச் செல்லும் என்பர். ஆனால் பழைய வீட்டில் இருமுறை மும்முறை திருத்தம் நடந்திருக்குமாகையால், அந்த விதியை நம்பிவிடுதல் ஆகாது. இலங்கை வீடுகளின் மின்சாரம் 230 வோல்ற்று. ஈரச்சுவரில் உளி அதனைத் தொட்டால் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்பு இராது. பிரதான ஆளியையும் தண்ணீர் அடைப்பையும் மூடிய பின்னரே சுத்தியல் எழவேண்டும். உரிமையாளர் அவசரப்படுத்தினாலும் மேசன் இதில் இணங்கலாகாது.

துவாய்க் கம்பியின் கதை வேறு. அது திருகாணியால் நிற்பது. மழைக்கால ஈரத்தில் இரும்பு துருப்பிடித்தால், துரு மூல இரும்பைவிட இரண்டு மடங்கிற்கும் மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். அவ்விரிவே பல சமயங்களில் ஓட்டைப் பிளந்துவிடுகின்றது. மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்து, முதலில் சிறிது இறுக்கி, பின்பு தளர்த்தினால் ஆணி பெரும்பாலும் இசையும்.

ஒருகாலத்தில் இக்குளியலறைகள் துரைமாருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உரியவை. லயத்துக் குடும்பங்கள் பீலிக்கரையிலே குளித்தன. இன்று அதே சுவரை நிதானமாகத் திறந்து மூடும் மேசன்மாரில் லயத்துப் பிள்ளைகளும் உளர். இத்தொழில் நுணுக்கத்திற்கு உரிய மதிப்பும் கூலியும் கிடைக்கின்றனவா என்பது விடுதிக்காரர் எண்ணவேண்டிய வினா.

குழி வெறுமையானதும் உடனே அடைத்தல் தவறு. பல ஆண்டு ஈரம் உலரச் சில நாள் விடவேண்டும். பழைய ஆங்கில ஓடு பெரும்பாலும் 6 அங்குலச் சதுரம். இன்று கடையில் கிடைப்பது மீற்றர் முறை அளவு. நிறமும் பொருந்தாது. அதற்காகக் கைதேர்ந்தவர், கதவு மறைக்கும் மூலையிலிருந்து ஓர் ஓட்டினை அதே பொறுமையோடு பெயர்த்து இங்கே பதித்துவிட்டு, மூலைக்குப் புதிய ஓட்டினை வெட்டி வைப்பார்.